அப்படியே எழுதவும்

அறிக்கைத் தாளில் ஏழாவது கேள்வி:
வீரர் சொன்ன வார்த்தை என்ன? அப்படியே எழுதவும்.
அதற்கு விட்டிருக்கும் இடம் ஒன்றரை அங்குலம்.

நரசிங்கம் மைதானம். மணி ஐந்தே முக்கால்.
வெயில் வீட்டுக்குப் போகாமல்
யானைமலை முதுகில் ஏறிப் படுத்திருக்கிறது.
வலையை அவிழ்க்கிறார்கள்,
யாரோ சுண்ணாம்பு வாளியைக் கழுவுகிறார்கள்.
நான் பிளாஸ்டிக் ஸ்டூலில், மடியில் பரீட்சை அட்டை.
எதிரே, முழங்காலில் மண் உதிராத சோலைமணி,
ஒத்தக்கடை அணி, எட்டாம் நம்பர்,
அறுபத்து மூன்றாம் நிமிடம் சிவப்பு அட்டை.

வாயில் அது எவ்வளவு லேசு.
பந்து கோட்டைத் தாண்டுவதற்குள்
இரண்டு தடவை சொல்லிவிட்டான்.
ஒன்று, ஆஃப்சைடு கொடி தூக்கிய சிக்கந்தருக்கு.
இன்னொன்று, கண்ணைப் பார்த்து, எனக்கு.

முதல் வருஷம் காதில் விழுந்ததற்கெல்லாம் ஊதினேன்.
எழுபது நிமிட ஆட்டத்தில்
பந்து ஓடியது இருபது நிமிடம்.
இங்கே அது திட்டு மட்டுமா?
பாஸ் கேட்க அதுதான், பாஸ் வராவிட்டாலும் அதுதான்,
கோல் போட்டவனைக் கட்டிப்பிடித்துக்
காதோரம் கொஞ்சுவதும் அதுதான்.
பிறகு எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன்:
கம்பத்தைச் சொன்னால் மன்னிப்பு.
காற்றை, குழியை, தன் காலையே சொன்னால் மன்னிப்பு.
ஆளைப் பார்த்துச் சொன்னால் விசில்.
தெற்குமாசி வீதி விங்கர் ஜெகந்நாத்
சௌராஷ்டிரத்தில் என்னமோ சொல்வான்.
முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.
விதிப்புத்தகத்தில் முகத்துக்கு அட்டை இல்லை.

ஆனால் ஒன்று,
எந்தத் தெருவில் கிளம்பினாலும் அந்த வார்த்தைகள்
கடைசியில் ஒரு அம்மா வீட்டு வாசலில்தான்
போய் நிற்கின்றன.
அப்பாக்கள் எல்லாம் எங்கே போனார்கள், தெரியவில்லை.

போன மாதம் 'தகாத சொல் பேசினார்' என்று எழுதினேன்.
சங்கத்திலிருந்து திரும்பி வந்தது.
புள்ளி புள்ளியாக வைத்து அனுப்பினேன்.
கோடிட்ட இடத்தை நாங்கள் நிரப்பவா என்று
செயலாளர் போனில் கேட்டார்.
வாரநாளில் நான்
கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் பிழை திருத்துகிறவள்.
இல்லத் திருமணத்தில் 'த்' விழுந்துபோனால்
சம்பந்திகள் பார்க்காததை நான் பார்ப்பேன்.

சரி என்று எழுதினேன்.
முதல் எழுத்துக்கே பேனா மக்கர் செய்தது.
உதறி, ஓரத்தில் கிறுக்கி, முழுசாக எழுதி
பழக்கதோஷத்தில் நடுவே ஒரு ஒற்றும் வைத்தேன்.

கீழே அவன் கையெழுத்துப் போட வேண்டும்.
குனிந்து படித்தான். உதடு அசைந்தது, சத்தம் இல்லை.
"நடுவுல அந்தப் புள்ளி எழுத்து வராது மேடம்."
"இலக்கணப்படி வரும்."
"நான் வைக்கலியே."
கேள்வி ஏழு. அப்படியே.
புள்ளி எழுத்தை அடித்தேன்.

தாளை அவன் திருப்பித் தரவில்லை.
வாயைவிட்டு வெளியே வந்து
இவ்வளவு நேரம் அது நின்று அவன் பார்த்ததில்லை போல.
"உங்களுக்கு அம்மா இருக்காங்களா?"
"வில்லாபுரத்துல. முழங்கால் வலி. மாடி ஏற முடியலை."
"எந்தக் கால்?"
"இடது."
கொஞ்ச நேரம் நாங்கள் இருவரும்
அங்கே இல்லாத அந்த முழங்காலையே
பார்த்துக்கொண்டிருந்தோம்.

கையெழுத்துப் போட்டான்.
மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் காத்திருக்கவில்லை.
எத்தனை மேட்ச் போகும் என்றான்.
சங்கம் சொல்லும் என்றேன்.
ஸ்டூலை அவனே தூக்கிப்போய் டீக்கடையில் வைத்தான்.

திரும்பும்போது மாட்டுத்தாவணி வளைவில்
டவுன் பஸ் ஒன்று இண்டிகேட்டர் போடாமல்
என் ஸ்கூட்டியை ஓரம் கட்டியது.
வந்தது.
தொண்டை தாண்டி, நாக்கு தாண்டி, பல் வரைக்கும்.
ஒற்றோடு வந்ததா, ஒற்று இல்லாமலா என்று
பார்ப்பதற்குள்
சிக்னல் விழுந்துவிட்டது.